தாய்மாமன் நெய்த முந்தானை

சேவூர், ஆரணி
19.12.2025

அன்புத் தம்பி சதீஷுக்கு,

அக்கா உண்ணாமலை எழுதுவது. எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. உன் போன் அணைந்தே கிடக்கிறது, அதனால் பெங்களூர் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுதுகிறேன்.

இந்தியாவுக்காக நீ ஆடிய இரண்டாவது மேட்சை டிவியில் பார்த்தோம். பந்து போட ஓடிவந்தவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயே, அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. இனி நீ வேகமாகப் பந்து போடவே முடியாது என்கிறார்கள். அக்கா வீட்டுத் தறியில் உட்கார்ந்ததால்தான் முதுகு போனது என்று நீ டாக்டரிடம் சொன்னதாகப் பேப்பரிலும் வந்துவிட்டது.

சரிதானே. முதல் மேட்ச் முடிந்து ஓய்வுக்கு வந்த பிள்ளையை நான்தான் சும்மா விடவில்லை. கல்யாணப் பெண்ணின் முந்தானையில் ஒரு சாணாவது தாய்மாமன் நெய்ய வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். "ஒரு சாண் நெய்ஞ்சிட்டுப் போடா, உன் கை படாத சேலைய காவ்யா எப்படிக் கட்டுவா?" என்று நச்சரித்தேன். நீயும் நாள் முழுக்கத் தறிக்குழியில் காலை இறக்கிக் குனிந்தே கிடந்தாய். என் ஆசைக்கு உன் பிழைப்பையே கெடுத்துவிட்டேன். சோறு இறங்கவில்லையடா. தை பிறந்ததும் கல்யாணம். என்னைத் திட்டுவதற்காவது வா.

உன் அக்கா
உண்ணாமலை


பெங்களூர்
26.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் சாப்பிடு. தப்பு உன்னுடையது இல்லை.

முதல் மேட்சுக்கு முன்னாலேயே எனக்கு முதுகில் வலி. சொன்னால் என் இடத்தில் வேறொருவனை எடுத்துவிடுவார்கள் என்று மாத்திரை போட்டுக்கொண்டு ஆடினேன். ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர், எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். மறைத்தேன் என்று சொல்லப் பயம். உன் தறிதான் வாயில் வந்தது.

அது பேப்பர்வரை போகும் என்று நினைக்கவில்லை. படித்த பிறகு மறுக்கவும் இல்லை. நீ அழுவாய் என்று தெரியும். அந்தக் குரலைக் கேட்கப் பயந்துதான் போனை அணைத்து வைத்தேன்.

புது வருஷம் பிறந்ததும் டீம் ஆட்கள் பார்க்க வருகிறார்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு கல்யாணத்துக்கு வந்து உன் காலில் விழுகிறேன்.

தம்பி
சதீஷ்


சேவூர்
30.12.2025

சதீஷுக்கு,

கடிதம் கிடைத்தது. இதை உடனே ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். டீம் ஆட்களிடம் எதையும் மாற்றிச் சொல்லாதே.

போன வாரம் டிவிக்காரர்கள் வீட்டுக்கே வந்தார்கள். "நான்தாங்க வம்பா உக்கார வெச்சேன், புள்ள மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டேன். தெருவே என்னைப் பேசுகிறது. உன் மாமாவும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது போய் நீ வலியை மறைத்து ஆடினேன் என்றால், சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து போடச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குக்கூட உன்னைக் கூப்பிடமாட்டார்கள். ஊர் பேசுவதை நான் தாங்கிக்கொள்கிறேன்.

நான் அழுவேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது பார், அதைத்தான் தாங்க முடியவில்லை. காவ்யாவிடம் உன் கடிதத்தைக் காட்டவில்லை. மாமன் நெய்தது என்று சேலையை ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

நீ கல்யாணத்துக்கு வர வேண்டாம். உன் முகத்தைப் பார்த்தால் நானே அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவேன். தாய்மாமன் முறைக்கு நம் பெரியப்பா மகன் வீரபாகு நிற்கட்டும், சொல்லி அனுப்பிவிட்டேன்.

உண்ணாமலை