மாத்திரையை நிறுத்த மாட்டேன்

அன்பு மகன் அபினேஷுக்கு ஆம்பூரிலிருந்து அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், அங்கே அடிஸ் அபாபாவில் நீயும் மருமகளும் குழந்தை ஃபீபியும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் காலையில் கேட்டுக்கொள்கிறேன். நம் தெரு ஜியாவுல்லா லீவு முடிந்து உன் கம்பெனிக்கே திரும்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தையும் மிளகாய்த்தூளையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பேசு.

மார்ச் மாதம் நீ கொடுத்த கிட்னியின் செக்கப்புக்கு வேலூர் போனபோது புதிதாக வந்திருக்கும் பெண் டாக்டர், ஆறு வருஷமாக எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறீர்களே, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எப்போது செய்தீர்கள் என்று கேட்டார். ஒருமுறைகூட செய்ததில்லை என்றேன். அன்றைக்கே எடுத்தார்கள். எச்பிவி என்ற வைரஸ் இருப்பதாக வந்தது, துணுக்கு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்க்கு முந்தின கட்டம், அதிலும் கடைசிப் படி என்றார்கள். விட்டால் புற்றுநோய் ஆகிவிடுமாம். மகனுக்கு எழுதுகிற விஷயமா இது என்று உன் டோரதி அத்தை கேட்டாள். என் உடம்பிலிருந்துதான் நீ வந்தாய், உன் உடம்பிலிருந்து ஒரு பாகம் எனக்குள் இருக்கிறது, நமக்குள் என்ன வெட்கம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கல்யாணமானவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த வைரஸ் எப்போதாவது வந்துவிட்டுப் போகிறதுதானாம். காய்ச்சல் வராது, ரத்தத்தில் கலக்காது, மேல்தோலிலேயே ஒளிந்திருக்கும், அதனால் உடம்பின் காவலுக்கு அது வந்ததே சட்டென்று தெரியாது. தெரிந்தபிறகு பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் விரட்டிவிடும். எனக்கு அந்தக் காவலைத்தான் மாத்திரை கட்டிப்போட்டிருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் ஷூ கம்பெனியில் செக்கிங்கில் நின்றவளுக்கு இது புரியாதா, மேசையில் பாதி ஆளை எடுத்துவிட்டால் கெட்ட பீஸ் நல்ல பீஸோடு சேர்ந்து போய்விடும், அவ்வளவுதான்.

இதை வீட்டில் சொன்னதும் டோரதி என்ன சொன்னாள் தெரியுமா. "இன்னா அண்ணி, புள்ள குடுத்த கிட்னியே உங்களுக்கு வினையாப் போச்சே, பேசாம மாத்திரைய நிறுத்திட்டு ஜெபம் பண்ணுங்க, உடம்பே பாத்துக்கும்" என்றாள். மாத்திரையை நிறுத்தினால் என் உடம்பு முதலில் விரட்டுவது வைரஸை இல்லை, உன் கிட்னியை. ஆறு வருஷம் முன்னால் இருபத்தெட்டு வயதில் நீ அந்தக் கட்டிலில் படுத்தாயே, அதை நான் தூக்கிக் கொடுத்துவிடுவேனா. ஜெபமும் பண்ணுவேன் மாத்திரையும் போடுவேன் என்று சொல்லி அவள் முன்னாலேயே போட்டுத் தண்ணீர் குடித்தேன். இது ஆண் பெண் உறவில் வருகிற வைரஸ் என்று கேள்விப்பட்டதும் அவள் உன் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தாள், அப்பா தலையே நிமிரவில்லை. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, முப்பது வருஷத்துக்கு முந்திக்கூட இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அவர் எதிரிலேயே திரும்பச் சொன்னேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அவர் தட்டில் நானே பரிமாறினேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஏப்ரலில் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். என்னோடு செக்கிங்கில் நின்ற வஜீதாதான் லீவு போட்டுவிட்டு வந்து கூட இருந்தாள். ஓரத்தில் நோய் மிச்சமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. கிட்னி டாக்டர் ஒரு மாத்திரையை மட்டும் கொஞ்சம் கம்மி செய்தார், அதற்காகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள், உன் கிட்னி அசையவில்லை.

ஜூலையில் சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில், ஆண்டவர் சுகம் கொடுத்ததைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். போதகரின் மனைவி ஐயரம்மா பக்கத்தில் வந்து, "வயித்துல ஒரு கட்டின்னு சொன்னா போதும்மா, ஜாஸ்தி சொல்ல வேணாம்" என்றார். நான் எழுந்து நின்று கர்ப்பப்பை வாய் என்றே சொன்னேன், வைரஸ் பெயரையும் சொன்னேன், எப்படி வருகிறது என்பதையும் சொன்னேன். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். போகட்டும் என்று மேலே பேசினேன். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் சிலசமயம் உடம்பு தவறவிடும், முப்பது தாண்டினவர்கள் போய்ப் பாருங்கள் என்றேன். அடுத்த வியாழக்கிழமை பதினோரு பேரோடு வேலூர் பஸ் ஏறினேன், கடைசி சீட்டில் முக்காடு போட்டுக்கொண்டு உன் அத்தை. அவளுக்கும் வைரஸ் இருந்தது, புண் எதுவும் இல்லை, தானாகப் போய்விடலாம், ஒரு வருஷம் கழித்து வா என்று அனுப்பினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, அடுத்த வருஷமும் நீங்க கூட வரணும்" என்றாள். வருகிறேன் என்றேன்.

ஃபீபிக்குப் பத்து வயது முடிகிறது. இந்த வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது, அது வருவதற்கு முன்னாலேயே உடம்புக்கு அதன் முகத்தைக் காட்டிவைக்கிற ஊசி. இந்த வயதிலேயே போட்டால்தான் நன்றாக வேலை செய்யுமாம். சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று மருமகள் தயங்கினால் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு, பிறகும் தயங்கினால் எனக்குப் போன் போடச் சொல். நீயும் வருஷத்துக்கொருமுறை உன் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள், உப்பைக் குறை.

உன்னிடம் மறைக்க மாட்டேன், போன வாரம் மறுபடி பார்த்ததில் சதை சுத்தமாக இருக்கிறது, ஆனால் வைரஸ் இன்னும் போகவில்லை. ஆறு மாதத்துக்கொருமுறை வரவேண்டும் என்றார்கள். அது எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாலும் அத்தனை வருஷமும் நானும் வேலூருக்குப் பஸ் ஏறுவேன். என் கிட்னியால்தானே இது வந்தது, மன்னித்துவிடு என்று மட்டும் எனக்குப் பதில் எழுதாதே, எழுதினால் கிழித்துப்போடுவேன்.

ஆண்டவர் கை உங்கள் மூன்று பேர் தலைமேலும் இருக்கட்டும். ஃபீபிக்கு ஊசி போட்ட அன்றைக்கே செய்தி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஹெலன் சுந்தர்ராஜ்