மேற்கு பார்த்த பீங்கான்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஆபீஸ் வேன் தாமதம். சிறுசேரி போய்ச் சேர்வதற்குள் துப்பட்டா ஊறிவிட்டது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து போன். மாமியை (இவருடைய அம்மா. இனி மா. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது) சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முட்டி ஆபரேஷன் நன்றாக ஆகியிருக்கிறது. டாக்டர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே என்று கிளம்பக் கூடாது.

— குத்தவைக்கவே கூடாது. இனி எப்போதும்.
— வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்க வேண்டும்.
— தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மறுபடி மூத்திரத் தொற்று வந்தால் இந்த வயதில் சிறுநீரகம் தாங்காது.

மூன்றாவதுதான் விஷயம். போன வருஷம் முழுக்க மா. தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் போக வேண்டும், போனால் குத்தவைக்க வேண்டும், குத்தவைத்தால் எழுந்திருக்க முடியாது. அதனால் நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். காய்ச்சலில் விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்போதே இவரிடம் சொன்னேன், டாய்லெட்டை மாற்றுங்கள் என்று. "ஆகட்டும், பாத்துக்கலாம்." மாமல்லபுரத்தில் தொப்பி, கூலிங்கிளாஸ் விற்கிற கடை. வெள்ளைக்காரர்களிடம் நாள் முழுக்கப் பேசுகிறார். ஒரு பிளம்பரிடம் பேச மட்டும் வாய் வரவில்லை.

வாங்க: டெட்டால், கொசுவத்தி, முட்டை.

ஜூலை 9, புதன்

வேன் வரவே இல்லை, வீட்டிலிருந்தே வேலை. மச்சான் (இவருடைய அண்ணன்) குட்டியானை வண்டியில் ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் பீங்கானோடு வந்து இறங்கினார். ஈ.சி.ஆரில் ஏதோ ரிசார்ட்டை இடித்துக் கட்டுகிறார்களாம். அங்கே கழற்றிப் போட்டது.

"பாரின் மாலு. ஒரு கீறல் கீதா பாரு. அம்மா ராணி மாரி உக்காரலாம்."

யாரிடமும் அளவு கேட்கவில்லை. எங்கள் வீட்டு ஓட்டை எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

பிளம்பர் சேகர் வந்தார். வந்த வேகத்தில் பழைய இந்தியன் பேசினை உடைத்து அள்ளிவிட்டு, பிறகுதான் புதியதைத் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது செவுத்துப் பக்கம் தண்ணி வுட்ற மாடலு. உங்க வூட்ல ஓட்ட தரையில கீது."

"உடைக்கறதுக்கு முன்னாடி பாக்க மாட்டீங்களா?"

"பாய் எட்த்துக்கினு வந்துட்டாரு, எல்லாம் பாத்துத்தான் எட்த்தாந்திருப்பாருன்னு நெனச்சேன்."

பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது, இந்த வயதில். மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றேன் மச்சானிடம். இடிக்கிற இடத்தில் யார் மாற்றிக் கொடுப்பார்கள் என்று சிரித்தார். சிரிப்பு வேறு.

ஜூலை 10, வியாழன்

லீவு கேட்டேன். சம்பளம் போடுகிற வாரம், கிடைக்கவில்லை. ஆபீஸ் கழிப்பறையில் கையை நீட்டினால் தண்ணீர், எழுந்தால் தானே ஃபிளஷ். உள்ளே உட்கார்ந்து அழுதேன். துக்கம் இல்லை, ஆத்திரம்.

சாயங்காலம் வந்து பார்த்தால் வேலை முடிந்திருக்கிறது. வெள்ளை சிமென்ட் பூசி, துடைத்து, பளபளவென்று. ஆனால் திசை மாறியிருக்கிறது.

பழைய பேசின் வடக்கு தெற்காக இருந்தது. மாமனார் வீடு கட்டும்போது கொத்தனார் பக்கத்திலேயே நின்று போட வைத்தது. எங்கள் ஆட்கள் வீடுகளில் அப்படித்தான். தொழுகிற திசையைப் பார்த்தும் உட்காரக் கூடாது, அதற்கு முதுகு காட்டியும் உட்காரக் கூடாது. இப்போது பீங்கான் கிழக்குச் சுவரில் ஒட்டிக்கொண்டு நேர் மேற்கைப் பார்க்கிறது. கிப்லாவை, தொழுகிற திசையை.

சேகருக்கு போன்.

"அந்தச் செவுத்துக்கு அப்பாலதான் கழிவு போற சேம்பர் கீதுக்கா. கடலுக்கு முதுகு காட்டி வச்சாத்தான் பைப்பு சேரும். வூட்டுக்காரருக்கு போன் போட்டு கேட்டுக்கினுதான் வச்சேன்."

வீட்டுக்காரர் என்ன சொன்னாராம்? "எப்படியோ முடிச்சுடுப்பா, கடையில கூட்டம்." எனக்கு ஒரு போன் போட சேகருக்குத் தோன்றவில்லை. ஆம்பளையிடம் கேட்டாகிவிட்டதல்லவா.

இவர் வந்ததும் கத்தினேன். மச்சானும் வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் பேசிய அழகு!

இவர்: "நாலு செவுருக்குள்ளதான இருக்கு. பரவால்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க."

மச்சான்: "அம்மாவுக்கு இன்னா தெரியப் போவுது? நீ வாயத் தொறக்காம இருந்தா போதும்."

சுவருக்குள் பரவாயில்லை என்று சொல்பவர்கள் இருப்பது எனக்கும் தெரியும். நான் உட்கார்ந்துவிடுவேன். உட்காரப் போவது நானில்லையே. அடுத்த அறையில் பாய் விரித்து ஐந்து வேளையும் அதே மேற்கைப் பார்த்து நிற்கிறவருக்குத் திசை தெரியாதாம். பெற்ற பிள்ளைகள் சொல்கிறார்கள்.

நாளைக்கே மாற்றுங்கள் என்றேன். "அம்மா வரட்டும், பாத்துக்கலாம்."

ஜூலை 12, சனி

மா. வந்தாயிற்று. வாக்கரைப் பிடித்து நடக்கிறார். மெலிந்துவிட்டார். மச்சான் கழிப்பறைக் கதவைத் திறந்து காட்டினார், கடை திறப்பு விழா மாதிரி. மா. பீங்கானைப் பார்த்தார். பிறகு எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

"நல்லாக்குதுப்பா."

அவர் முகத்தை நான் மட்டும்தான் பார்த்தேன் போலிருக்கிறது. மற்ற இருவரும் ஃபிளஷ் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

லேசாக மழை. ஃபிளஷ் தொட்டியில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது. மூடியைத் திறந்து மிதவைக் கம்பியைக் கொஞ்சம் வளைத்துவிட்டேன். நின்றது. இதற்கும் பாத்துக்கலாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மா.வுக்குக் கொடுத்த டீ அப்படியே ஆடை கட்டிக் கிடக்கிறது. தண்ணீர்ச் சொம்பைத் தொடவே இல்லை. "தாகமே இல்லம்மா." உதடு வெடித்திருக்கிறது.

அஸர் தொழுகைக்கு முன்னால் உள்ளே சத்தம். ஓடினேன். தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தது நல்லதாயிற்று. மா. பீங்கானுக்கும் சுவருக்கும் நடுவில், வாக்கரைக் கட்டிப் பிடித்தபடி பாதி தொங்கலில். ஒருக்களித்து, வடக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நேற்றிலிருந்தே அப்படித்தானாம். ஆபரேஷன் செய்த காலை முறுக்கி வைத்துக்கொண்டு, பாதி உடம்பு அந்தரத்தில். வழுக்கிவிட்டது.

விழவில்லை. முட்டி வீங்கியிருக்கிறது. தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்ததும் அவர் சொன்னது:

"பசங்ககிட்ட சொல்லாதம்மா. ஆசையா வாங்கியாந்து வச்சிருக்காங்க. சங்கடப்படுவாங்க."

அவர்கள் சங்கடப்படக் கூடாதாம்! தாய் அந்தரத்தில் தொங்கலாம், தண்ணீர் குடிக்காமல் காயலாம், அவர்கள் சங்கடப்படக் கூடாது. யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. மா. மேலும்தான்.

இவர் கடையிலிருந்து வந்தார். சொன்னேன். முகம் தொங்கிப் போயிற்று. அந்த முகத்தோடேயே, "வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போகல, அன்னிக்கு சேகர வரச் சொல்லி..." என்றார்.

சேகர் விட்டுவிட்டுப் போன சுத்தியல் மூலையில் இருந்தது. எடுத்தேன். முதல் போடு வழுக்கியது. அடுத்ததில் பிளந்தது, பாரின் மாலு. இவர் வாசலில் நின்று "பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றார். ஆமாம் என்றேன். இனி யாரும் பாத்துக்கலாம் சொல்ல முடியாது.

ஜூலை 14, திங்கள்

லீவு. கேட்கவில்லை, சொன்னேன்.

டேப் பிடித்து அளந்து, தரை ஓட்டையை போட்டோ எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் போய் நானே வாங்கி வந்தேன். சாதாரண வெள்ளை. தரையில் விடுகிற மாடல். சுவரில் பதிக்கப் பிடிகம்பி. சேகர் உடைந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எந்தப் பக்கம்க்கா வக்கணும்?" என்று கேட்டார். வடக்கு. முடியும் வரை பக்கத்திலேயே நின்றேன். சிமென்ட் காய நாளை வரை யாரும் உட்காரக் கூடாது.

அதுவரைக்கும் மெடிக்கல் கடையிலிருந்து ஓட்டை நாற்காலி, அடியில் வாளி. மா. ஒப்புக்கொள்ளவே இல்லை. "நீ போய் என் வாளியக் கொட்டுவியா?"

நான் கொட்டப் போவதில்லை என்றேன். இவரைக் கூப்பிட்டேன். மச்சானுக்கும் போன் போட்டு வரவழைத்தேன். அண்ணனும் தம்பியும் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

இவர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் சேம்பருக்குப் போனார். கழுவி முடித்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன?"

"கொஞ்சூண்டுதான் இருந்துச்சு. டீ டிகாஷன் மாதிரி."

இப்போதாவது தெரிகிறதா என்று நினைத்தேன். இல்லை, சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அரிசி தீர்ந்துவிட்டது. மறக்கக் கூடாது.

ஜூலை 15, செவ்வாய்

நல்ல வெயில். சேகர் தட்டிப் பார்த்து, காய்ந்துவிட்டது என்றார்.

மா. உள்ளே போனார். இவரும் மச்சானும் கூடத்தில் நின்றார்கள். நிற்கட்டும். வெகுநேரம் கழித்து ஃபிளஷ் சத்தம். கம்பியைப் பிடித்து அவரே எழுந்து வந்தார். முகம் கை கால் கழுவி ஒளு செய்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுதார். முடித்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"அந்தச் சொம்ப எடும்மா."

பிஸ்மில்லா சொல்லி வாயில் வைத்தார். முழுச் சொம்பும் குடித்தார்.

மச்சானுக்கு வாய் சும்மா இருக்காது. "ஆனாலும்மா, அந்த பாரின் பீஸு மாரி..."

மா. காலிச் சொம்பை அவரிடம் நீட்டினார்.

"போய் ரொப்பிக்கினு வா."