பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே நாற்காலி

இன்று காலை மஞ்சக்குட்டையில் ஒரு வீட்டில் எனக்கு நாற்காலி போட்டார்கள். வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி, கடையில் வாங்கிய பளபளப்பு இன்னும் போகவில்லை. உட்கார்ந்து டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டேன். வலது தொடையின் அடியில் நறுக்கென்று கிள்ளியது. எழுந்து நாற்காலியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அந்த வீட்டு அம்மா பதறிப்போய், "ஏனுங்க, எறும்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன். மறுபடியும் கிள்ளியது.

அந்தக் கிள்ளு எனக்குத் தெரியும். வேறு யாரிடம் சொன்னாலும் கணக்கெடுக்க வந்தவளுக்குக் காற்றுக் கருப்பு பிடித்துவிட்டது என்பார்கள். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நமக்கு ஒரே பெஞ்சு. நான் டவுனில் மளிகைக் கடைக்காரர் மகள். நீ கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் கூலிக்காரர் வீடுகள் வரிசையாக இருக்கும் லைனிலிருந்து நடந்து வருகிறவள். டீச்சர் கேள்வி கேட்டு, நான் தெரியாததைத் தெரிந்த மாதிரி அளக்க ஆரம்பித்தால் பெஞ்சுக்கடியில் உன் கை வரும். தொடையில் ஒரு கிள்ளு விழும். "பொய் சொல்லாத புள்ள, உன்ற மூஞ்சியே காட்டிக் குடுக்குது" என்று பிறகு சிரிப்பாய். பத்தாவதோடு நீ காப்பிப் பழம் பறிக்கப் போனாய். நான் சேலத்துக்குக் கல்லூரிக்குப் போனேன். என்னைவிட நீதான் நன்றாகப் படித்தவள். அதைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு அப்போது முதலில் கிடைத்த வேலையும் இதே கணக்கெடுப்புதான். ஏழைக் குடும்பங்களின் பட்டியல் தயாரிக்கிறார்கள், வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்றார்கள். சேலத்திலிருந்து வந்த மேற்பார்வையாளர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம். "கண்ணுல படறத டிக் அடிங்க. யாருது, எவருதுன்னு விசாரிச்சுட்டு நிக்காதீங்க." நாற்காலி, மின்விசிறி, மிக்ஸி மூன்றும் இருக்கிற வீடு பட்டியலில் வராது. இது எனக்குத் தெரியும். உங்கள் லைனில் ஒருவருக்கும் தெரியாது.

நான் வருகிறேன் என்று உனக்கு முதல் நாளே சேதி போயிருந்தது. படித்த சிநேகிதி ஆபீசராக வருகிறாள் என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாய். வெளியாள் வந்தால் வெறும் வீடாகக் காட்டக்கூடாது என்பது உங்கள் லைனில் எழுதாத சட்டம். பெண் பார்க்க வந்தாலும் சரி, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வந்தாலும் சரி, இருக்கிறவர் வீட்டுச் சாமான் இல்லாதவர் வீட்டுக்கு முன்னாலேயே போய்விடும். வந்தவர் கிளம்பியதும் திரும்பிவிடும். அதை யாரும் இரவல் என்றுகூடச் சொல்வதில்லை.

அன்றைக்கு மேகம் தரைவரை இறங்கியிருந்தது. முதல் வீட்டில் ஒரு சிவப்பு நாற்காலி, மேலே பச்சைத் துண்டு விரித்திருந்தது. உட்கார்ந்தேன், கிள்ளியது. இருக்கை விரிசல் விட்டு, கம்பியால் தைத்திருந்தார்கள். அசைந்தால் விரிசல் சதையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது வீட்டில் பூப்போட்ட துண்டு. அங்கேயும் அதே இடத்தில் கிள்ளியது. மூன்றாவது வீட்டில் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே போய், மிக்ஸியைப் பார்த்து எழுதிக்கொண்டே தலையை நிமிர்த்தி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளை மேகத்துக்குள் நாலு சிவப்புக் கால்கள் மேலே நீட்டிக்கொண்டு, ஆளே இல்லாமல், தானாக மிதந்து போயின. ஒரு கணம் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பிறகுதான் யாரோ தலையில் கவிழ்த்துத் தூக்கிப் போகிறார்கள் என்று புரிந்தது. ஆனால் அந்த முதல் கணம் என்னை விட்டுப் போகவே இல்லை.

உன் வீடு கடைசியில் இருந்தது. வாசலில் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயுசில் என்னை 'நீ' என்பதைத் தவிர வேறு சொல்லாதவள் நீ, சேலைத் தலைப்பைத் தோளில் போர்த்துக்கொண்டு, "வாங்க, உக்காருங்க" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு வரவில்லை.

"நாற்காலி இருக்குதுங்களா?" என்று நானும் மரியாதையாகவே கேட்டேன்.

"இருக்குதுங்க. நீங்களே அதுலதானுங்க உக்காந்திருக்கறீங்க."

வாசலில் நின்ற பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா திருப்தியாகத் தலையாட்டினாள். நாற்காலி அவள் மகள் கல்யாணத்துக்கு வந்த சீர். மேசை விசிறி இன்னொருவருடையது, மிக்ஸி வேறொருவருடையது. என் தொடை வலித்துக்கொண்டே இருந்தது. நான் டிக் அடித்தேன். தெரியாமல் அடிக்கவில்லை. மூன்றாவது வீட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லோர் எதிரிலும் உன்னை இல்லாதவள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பாதி பொய். கேள்வி கேட்டால் வேலை நின்றுவிடும் என்ற பயமே பெரிதாக இருந்தது.

பன்னிரண்டு குடும்பமும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. காகிதத்தில் பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு விசிறி, பன்னிரண்டு மிக்ஸி. அந்த வருடக் கணக்கெடுப்புக் கூட்டத்தில் திரை போட்டுக் காட்டினார்கள். ஏறிக்கொண்டே போகிற ஒரு கோட்டின் நுனியில் உங்கள் லைனும் இருந்தது. வறுமை குறைந்துவிட்டது என்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த வருடம் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் நாள் தள்ளிக்கொண்டே போனது. தனியார் ஆஸ்பத்திரியில் உடனே அறுக்கலாம், இலவச சிகிச்சைக் கார்டு கொண்டு வா என்றார்கள். பட்டியலில் பெயர் இருந்தால்தான் கார்டு. நீ எங்கள் கடைக்கு வந்தாய். வேகாத வெயிலில் நடந்து வந்திருந்தாய், ஆனாலும் உட்காரவில்லை.

"அது எங்கூட்டு நாற்காலி இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடு புள்ள. அது போதும்னு சொல்றாங்க."

அந்த ஒரு வரியை எழுதினால் பன்னிரண்டு வீட்டையும் திரும்பத் தோண்டுவார்கள். அப்போது என் கையெழுத்து பொய் என்று ஆகும். "மேலே பேசிட்டுச் சொல்றேன்" என்றேன். நீ என் முகத்தையே பார்த்தாய். பழைய வழக்கம், கண்டுபிடித்துவிட்டாய். ஆனால் கிள்ளவில்லை. "சரி புள்ள, நொம்ப வேலையா இருப்பே" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் யாரிடமும் பேசவில்லை. ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய்.

இறந்தவரை எங்கள் வீடுகளில் கிடத்துவார்கள். உங்கள் லைனில் உட்கார வைப்பார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மேகத்துக்குள் நடந்து வந்தேன். வாசலில் நீ சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். தாடையைக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, முதுகைத் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆபீசருக்காகக் காத்திருக்கிறவள் போல இருந்தாய். யாரோ, "நில்லாதீங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றார்கள். லைனில் வேறு நாற்காலி கிடையாது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

பிணம் உட்கார்ந்த நாற்காலி வீட்டுக்கு ஆகாது என்று ராசம்மா அக்கா அதை இடுகாட்டிலேயே விட்டுவிட்டாள். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். எதற்குப் போனேன் என்று கேட்காதே. நாற்காலி இல்லை. உன் மண்ணுக்குப் பக்கத்தில் நாலு கால் அழுந்திய குழிகள் மட்டும் இருந்தன, மழைத் தண்ணீர் நிறைந்து. யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போன மாதிரி ஆழமாக இருந்தன.

இத்தனை வருடத்தில் எஸ்டேட்டில் பாதி ரிசார்ட் ஆகிவிட்டது. கண்ணாடி பால்கனியில் வெளியூர்க்காரர்கள் நின்று மேகத்தைப் படம் எடுக்கிறார்கள். அன்று சின்னப் பிள்ளையாக இருந்த உன் மகள் இப்போது அங்கே அறைகளில் படுக்கை விரிக்கிறாள். பட்டியலைப் புதுப்பிக்க மறுபடியும் கணக்கெடுப்பு வந்திருக்கிறது. காகிதத்துக்குப் பதில் டேப்லெட், பாடம் மட்டும் பழையது. மஞ்சக்குட்டையை முடித்துவிட்டு மத்தியானம் உங்கள் லைனுக்கு வந்தேன். முதலில் உன் வீட்டுக்கே போனேன்.

"வாங்க சித்தி, உக்காருங்க" என்று உன் மகள் ஒரு நீல நாற்காலியைப் போட்டாள். மேலே பூப்போட்ட துண்டு விரித்திருந்தது. நான் நிற்கிறேன் என்றேன்.

"வந்தவங்கள நிக்க வெக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க" என்றாள். குரல் அப்படியே உன்னுடையது.

உட்கார்ந்தேன். டேப்லெட்டில் நாற்காலி உண்டா என்ற கேள்வி வந்தது. என் விரல் பழக்கத்தில் 'உண்டு' பக்கம் போனது. பிடித்துவிட்டாய். இந்தத் தடவை விடவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டை விலக்கிப் பார்த்தேன். இருக்கை வழவழவென்று முழுசாக இருந்தது.

"இது யாரூட்டு நாற்காலி கண்ணு?" என்றேன்.

அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே நாலு பேர் நின்றிருந்தார்கள். "எங்களுதுதானுங்க" என்றாள்.

"உங்கம்மா செத்ததே இந்தக் கேள்விய நான் கேக்காததாலதான், சாமி."

அவள் வாசலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, "ராசம்மா பாட்டி ஊட்டுதுங்க" என்றாள், உதடு அசைவது தெரியாமல். விசிறியும் மிக்ஸியும் வேறு வீட்டாருடையவைதான். மூன்றுக்கும் 'இல்லை' போட்டேன். கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. 'இவளுடைய தாய்க்கும் நாற்காலி இருந்ததில்லை. அன்று நான் எழுதியது பொய்' என்று எழுதி, என் பெயரையும் போட்டு அனுப்பிவிட்டேன். கிள்ளு தளர்ந்தது. நாளைக்கே மேற்பார்வையாளர் கூப்பிடுவார். வேலை இருக்குமோ இருக்காதோ தெரியவில்லை.

இதை எழுதும்போது தொடையில் தொட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் அகலத்துக்குக் கன்றிப்போயிருக்கிறது. லைனில் இன்னும் பதினோரு வீடு பாக்கி. கூப்பிடும்வரை போவேன். எல்லா வீட்டிலும் எனக்கு நாற்காலி போடுவார்கள், நானும் மறுக்காமல் உட்காருவேன். நீ கையை எடுத்துவிடாதே, புள்ள.