வெட்டப்பட்ட பதினோரு வினாடி

மார்ச் 4

சின்னவனுக்கு,

அப்பா இன்னும் படுக்கையில்தான், மற்றபடி நலம். உன் நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

நீ எடுக்கும் படத்துக்குக் குதிரை கொடுத்தவர் நேற்று என் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாயும் பூனையும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நடுவில் ஒரு மணி நேரம் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "டாக்டரம்மா, அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

ஜனவரியில் வீட்டுக்கு வந்து படிவத்தை நீட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? மிருகங்கள் வரும் படம் என்றால் கால்நடை டாக்டர் கூடவே இருந்து பார்த்ததாகச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் தணிக்கைக் குழு படத்தைத் தொடாது என்றாய். குதிரை பழகியது, மணலில் தானாகவே சாயும், நீ எதற்கு ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றாய். தம்பி சொல்கிறானே என்று போட்டுக் கொடுத்தேன் கையெழுத்து.

அவருடைய குதிரை செவலையின் முன்னங்காலில் கம்பியைக் கட்டி, முழு வேகத்தில் ஓடவிட்டு இழுத்தீர்களாம். எலும்பு வெளியே வந்து, நாற்பது நிமிடம் கிடந்துதான் அது செத்ததாம். வலி தெரியாமல் அனுப்பிவைக்க ஓர் ஊசி போடக்கூட அங்கே ஆள் இல்லை. காகிதத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேனே.

உண்மையா, இல்லையா? ஒரு வரி போதும்.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. நடந்தது விபத்து. ஸ்டண்ட் மாஸ்டர் இருபது வருஷமாகச் செய்கிற வேலை அது. கால் போகும் என்று யார் கண்டார்கள்?

தணிக்கைக் குழுவிலிருந்து உனக்குக் கேட்டு எழுதுவார்கள். அந்த ஷாட் கிராபிக்ஸ் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீயும் அதையே சொல்லிவிடு. இருநூறு பேர் மூன்று வருஷம் உழைத்த படம்.

கோபம் எனக்கும் வரும் அக்கா. நீ எத்தனை நாய்க்கு ஊசி போட்டு முடித்திருக்கிறாய்? ஒரு நாளாவது நான் கேட்டிருப்பேனா? ஒரு குதிரைக்காகக் கூடப்பிறந்தவனைக் கூண்டில் ஏற்றப் பார்க்கிறாய். அம்மா இருந்திருந்தால் உன்னைத்தான் திட்டியிருப்பாள்.

உன் தம்பி

மார்ச் 13

சின்னவனுக்கு,

அம்மாவை இதில் இழுக்காதே. நான் ஊசி போட்ட எந்த நாயையும் முதலில் ஓடவிட்டுக் காலை ஒடித்ததில்லை.

தணிக்கைக் குழுவுக்கு நேற்றே எழுதிவிட்டேன். அந்தச் சான்று பொய், ஷூட்டிங் நடந்த இடத்தை நான் கண்ணால் பார்த்தது கிடையாது, விழுந்தது நிஜக் குதிரை. நகலைக் கால்நடை மருத்துவர் கவுன்சிலுக்கும் அனுப்பியிருக்கிறேன். உன்னை மாட்டிவிட்டு நான் நல்லவள் வேஷம் போட மாட்டேன். என் கையெழுத்து இல்லாமல் உன் கம்பி அந்தக் காலுக்குப் போயிருக்காது. எனக்கிருக்கும் ஆத்திரத்தில் பாதி என் மேல்தான்.

அக்கா

மே 22

அக்காவுக்கு,

நீ ஆசைப்பட்டது நடந்தது. குதிரை விழுகிற காட்சி, மொத்தம் பதினோரு வினாடி, வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். அந்த இடத்தில் திரையைக் கறுப்பாக்கிவிட்டுச் சத்தத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். உத்தரவில் காட்சி என்றுதான் இருக்கிறது. சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் படத்திலேயே அந்த இடம்தான் உலுக்குகிறது என்கிறார்கள். ஒருவகையில் உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

கவுன்சில் உன்னை ஆறு மாதம் வைத்தியம் பார்க்கக் கூடாது என்றுவிட்டதாம். நீயாகப் போய்த் தலையைக் கொடுத்தாய். இருந்தாலும் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. படம் வெள்ளிக்கிழமை வருகிறது. ஒரு தரம் பார், கோபம் ஆறிவிடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், உட்கார்ந்து பேசலாம்.

உன் தம்பி

ஜூன் 24

சின்னவனுக்கு,

உன் படத்துக்கு நான் போகவில்லை. குதிரைக்காரர் போனார். செவலை ஓடுவதையாவது ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பிடரி மயிர் பறக்க அது வந்தபோது மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாராம். அடுத்த நிமிடம் திரை கறுத்தது.

ஷூட்டிங் அன்று அவரைத் தூரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டீர்கள். ஜெனரேட்டர் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் உள்ளே விட்டீர்கள். தியேட்டரில்தான் முதன்முதலாகக் கேட்டிருக்கிறார்.

"முதல்ல கத்துச்சும்மா," என்றார் என்னிடம். "அப்புறம் ரெண்டு தடவை என்னைக் கூப்பிட்டுச்சு. தீனி வைக்க நேரமானா அப்படித்தான் கூப்பிடும்."

எழுந்து நின்று பதில் குரல் கொடுத்திருக்கிறார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லி அதட்டினார்களாம். யாரோ சிரித்தார்களாம்.

சத்தத்தையும் எடுக்க வேண்டும் என்று தணிக்கைக் குழுவுக்கு மறுபடி எழுதினேன். காட்சிக்குத்தான் விதி, ஒலிக்கு இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. விதி உன் பக்கம் இருக்கிறது, வைத்துக்கொள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ மணியடித்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். திறக்கவில்லை. அப்பாவால் எழுந்து வர முடியாது என்று உனக்கே தெரியும், அவர் மேல் வருத்தப்படாதே. அவருக்கு உன்னைப் பார்க்க வேண்டுமாம். சனிக்கிழமைகளில் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நான் வெளியே போய்விடுவேன். அந்த நேரத்தில் வா. சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். போகும்போது பூட்டி, அவர்களிடமே கொடுத்துவிட்டுப் போ.

அக்கா