தேதி போடாத கையெழுத்து

ஏட்டி,

இன்றைக்கு மத்தியானம் பி.ஏ. இரண்டாம் வருஷப் பிள்ளைகளின் இங்கிலாந்து வரலாற்றுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஏழாம் ஹென்றி நாட்டை எப்படி ஆண்டான், கஜானாவை எப்படி நிரப்பினான் என்று கேள்வி. ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "ஹென்றி தன் பிரபுக்களைக் கொத்தடிமைகளாக வைத்திருந்தார்." வகுப்பில் நான் 'பாண்ட், பாண்ட்' என்று பத்திரத்தைச் சொன்னதை வீட்டில் போய் அகராதியில் தேடியிருக்கிறாள். 'பாண்டட் லேபர்' கண்ணில் பட்டிருக்கிறது, அதையே பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவப்பு மையால் அடிக்கப் போனேன், கை ஓடவில்லை. அவள் எழுதியது தப்பா? நீயே சொல்லு. அந்த ராஜாவை உன்னைவிடத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் திட்டித்தான் எழுதுவேன் என்று தெரியும். செத்தவளைத் திட்டக்கூடாதாம். நான் திட்டுவேன்.

ஷார்ஜாவுக்கு வந்த முதல் வாரம் உனக்கு ஞாபகம் இருக்கா? எனக்குச் சோழர் தெரியும், விஜயநகரம் தெரியும். துபாயில் அந்த பிரிட்டிஷ் சிலபஸ் ஸ்கூலில் என்னிடம் தூக்கிக் கொடுத்தது டியூடர் ராஜாக்களை, இந்த ஹென்றியின் வம்சத்தை. நீ எனக்கு ஒரு வருஷம் முந்தி வந்தவள். ஷார்ஜாவில், அபு ஷகாரா ஏரியாவில், இரண்டு பேருக்கும் ஒரே கட்டடம், ஒரே மாடி. காலையில் ஸ்கூல் வேன் ஏறினால் துபாய் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அந்த டிராஃபிக்கில்தான் நான் ஹென்றியைப் படித்தேன். நீ திருச்சிக்காரி. நான் 'ஏட்டி' என்று கூப்பிட்டால், "உங்க ஊர்ல இது சண்டையா, கொஞ்சலாடி?" என்று கேட்பாய். "ரெண்டும்தான்" என்பேன்.

ஹென்றி மேல் உனக்கு என்ன ஒரு மயக்கம்! "பாவம்டி அவன்" என்று ஆரம்பிப்பாய். சண்டையில் ஜெயித்து முடியைப் பிடித்தவன், ரத்த உரிமை என்று பார்த்தால் மெலிந்த நூல். எவன் எப்போது கவிழ்ப்பானோ என்று பயந்தே ராஜ்யம் நடத்தினான். பணம் எல்லாம் பழைய கஜானா ஆபீசுக்குப் போகாமல் தன் சொந்த அறைக்கே வரும்படி செய்தான். கணக்குப் புத்தகத்தைத் தானே உட்கார்ந்து பார்த்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டான். சண்டைக்குப் போகமாட்டான், செலவு ஆகும். ஆடம்பரமாக வாழ்கிறவனிடம், "உன்னிடம்தான் நிறைய இருக்கிறதே, கொடு." சிக்கனமாக வாழ்கிறவனிடம், "சேர்த்து வைத்திருப்பாயே, கொடு." இதைச் சொல்லிவிட்டு, "நம்ம அப்ரைசல் மாதிரியே இருக்குல்ல?" என்று கண்ணடிப்பாய்.

அப்புறம் அந்த பாண்ட். ஒவ்வொரு பிரபுவும் ஒரு பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், 'நான் ஒழுங்காக இருப்பேன், இல்லையென்றால் இவ்வளவு பெரிய தொகை கட்டுவேன்' என்று. முக்கால்வாசிப் பத்திரத்தை ராஜா வசூலிக்கவே மாட்டான், சும்மா வைத்திருப்பான். "அவனுக்கு அந்தப் பணம் வேண்டாம்டி. அவன் டிராயர்ல உன் பேர் கெடக்குதுன்னு உனக்குத் தெரியணும், அவ்வளவுதான்" என்பாய். எத்தனை புத்தகம் படித்தாலும் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஒரு நாள் வேன் நகராமல் நிற்கிறது. நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "யோசிச்சுப் பாருடி, ஹென்றி யாரு தெரியுமா? இங்கிலாந்துப் பிரபுக்கள் எல்லாருக்கும் அவன்தான் கஃபீல்." நம் விசாவைக் கையில் வைத்திருக்கிற ஸ்பான்சரைத்தான் அங்கே கஃபீல் என்பார்கள். டிரைவர் பாய் மலப்புறத்துக்காரர், இங்கிலீஷும் ஹென்றியும் தெரியாது, கஃபீல் என்ற ஒரு வார்த்தையைக் கேட்டு நம்மோடு சேர்ந்து சிரித்தார். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் உன்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். உனக்கு ஏ.சி. அறை வந்தது, எனக்கு வயிற்றெரிச்சல் ஒன்றும் இல்லை. என் தோழி மேலே போகிறாள் என்று நான்தான் ஸ்டாஃப் ரூமில் அல்வா கொடுத்தேன். விசா ரினியூவலுக்கு எல்லோரையும் ஒவ்வொருவராக உன் அறைக்குக் கூப்பிட்டாய். என் முன்னால் ஒரு தாளை வைத்தாய். ராஜினாமாக் கடிதம். என் பெயர் அடித்திருக்கிறது, தேதி இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி.

"என்னட்டி இது?"

"ஃபார்மாலிட்டிடி. எல்லார்கிட்டயும் வாங்குறோம்."

"இது யாரு யோசனை?"

"நம்ம ஹென்றியோடது" என்று சிரித்தாய்.

நானும் சிரித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அது ஜோக் இல்லை, உண்மையைத்தான் சொன்னாய் என்று அப்போது உறைக்கவில்லை. "நான்தானடி வச்சிருக்கப் போறேன், போடு" என்றாய். நீ வைத்திருக்கிறாய் என்பதற்காகவே போட்டேன். வேறு யாராவது நீட்டியிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அந்த டிசம்பரில் வகுப்பில் பாண்டைப் பற்றிப் பேசும்போது ஒரு பையன், "ஏன் மிஸ் அவங்க எல்லாம் ராஜாவை எதிர்க்கல?" என்று கேட்டான். 'அவன்தான் கஃபீல்' என்ற உன் வாக்கியம் தானாக வாயில் வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. ஒருவனுடைய அப்பா சிரிக்கவில்லை. டீச்சர் நாட்டுச் சட்டத்தைக் கேலி செய்கிறார் என்று கடிதம் கொடுத்துவிட்டார்.

பிரின்சிபால் அறையில் நீ அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய், நான் எதிரில். "இந்த ஒப்பீடு உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு எது போகும் என்று உனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரர் சவுதியில், தம்மாமில் கம்பெனி கேம்ப்பில் இருந்தார், குடும்ப விசா கிடையாது. என் மகளின் விசா என் விசாவில்தான் இருந்தது. அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை. என் வேலை போனால் அவளும் பெட்டி கட்ட வேண்டும். எத்தனை நாள் அவள் உன் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறாள்!

நீ என்ன சொன்னாய்? "டெக்ஸ்ட் புக்கை விட்டு வெளியே போகாதீங்கன்னு நான் பல தடவை சொல்லியிருக்கேன் சார். இந்த மாதிரி உதாரணம் எல்லாம் நான் கேள்விப்பட்டதே இல்லை."

கேள்விப்பட்டதே இல்லையாம்!

'இவள் சொன்னதுதான் சார்' என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். உன் புருஷனுக்கு அப்போது வேலை போய் ஆறு மாதம், உன் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அது எனக்குத் தெரியும். நீ ஃபைலைத் திறந்தாய், என் தாளை எடுத்தாய், உன் பேனாவாலேயே தேதியை நிரப்பினாய். அதில் ஒரு ஏழு இருந்தது. நீ ஏழு போட்டால் நடுவில் ஒரு கோடு இழுப்பாய். அன்றைக்கும் மறக்காமல் இழுத்தாய்.

விசா கேன்சல் ஆகி ஊருக்குக் கிளம்ப ஒரு மாதம் கிடைத்தது. அந்த ஒரு மாதமும் நீ எதிர்க் கதவில்தான் இருந்தாய். பெல் அடித்தேன், உள்ளே டிவி சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. மேல்மாடியில் ஒரு மலையாளி நர்ஸ் இருந்தாளே, அவளோடு நான் மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருக்கமாட்டேன். அவள்தான் வந்து, "சேச்சி, மோளை என்கிட்ட விடுங்க" என்றாள். என் மகள் விசிட் விசாவில் அவள் ஹாலில் படுத்து, தனியாகப் போய்ப் பரீட்சை எழுதினாள். நான் பாளையங்கோட்டையில் போனைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கணக்கில் வாங்க வேண்டியதை அவள் வாங்கவில்லை. ஆர்க்கிடெக்சர் படிக்க ஆசைப்பட்டவளுக்கு அது கிடைக்கவில்லை. இன்றைக்கு நல்ல வேலையில்தான் இருக்கிறாள், ஒரு குறையும் இல்லை. ஆனால் உன் பேர் எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

ஹென்றி செத்ததும் என்ன நடந்தது என்று வேனில் நீ எனக்குச் சொல்லவே இல்லை. அதை நானாகத்தான் படித்தேன். புது ராஜாவாக வந்த மகன் நல்ல பேர் எடுக்க வேண்டும். அப்பாவுக்காகப் பிரபுக்களை நெருக்கிய இரண்டு அதிகாரிகளைப் பிடித்துத் தலையை வாங்கிவிட்டான். அப்பாவுக்கு அழகான சமாதி. பத்திரம் எழுதி வாங்கியவர்களுக்குக் கத்தி.

நம் ஸ்கூலும் கை மாறியது. புது முதலாளி பழைய டீச்சர்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. இதெல்லாம் ஆறேழு வருஷம் கழித்து நீ திருச்சியிலிருந்து போன் பண்ணியபோதுதான் எனக்குத் தெரிந்தது. உன் குரல் உன் குரலாகவே இல்லை. கீமோ மூன்றாவது முடிந்தது என்றாய்.

"என் லெட்டரும் ஒண்ணு இருந்துச்சுடி. என்கிட்டதான் மொதல்ல வாங்கினாங்க. நான் அதை மறந்தே போயிட்டேன். ஒரு நாள் காலைல தேதி போட்டு நீட்டுறாங்க."

'நல்லா வேணும்' என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மறைக்கமாட்டேன். நீ இருமினாய். இரும மூச்சு பத்தாமல் நிறுத்தி நிறுத்தி இருமினாய்.

பிறகு கேட்டாய்: "ஏட்டி, இன்னும் கோவமா?"

இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நீ என்னை 'ஏட்டி' என்று கூப்பிட்டதில்லை. என் ஊர் வார்த்தையை எடுத்துக்கொண்டு வந்து கேட்டாய். மன்னிப்பு என்று ஒரு சொல் சொல்லவில்லை, 'அந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ளவில்லை. கோவமா என்று மட்டும் கேட்டாய்.

"இல்லட்டி" என்றேன்.

"அப்பாடா" என்றாய். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. பதினெட்டு நாளில் போய்விட்டாய். கடைசி வாரம் நன்றாகத் தூங்கினாய் என்று உன் தங்கை சொன்னாள்.

நீ ஒரு பொய் சொல்லி என்னை அனுப்பினாய். நானும் ஒரு பொய் சொல்லித்தான் உன்னை அனுப்பினேன். உன் பொய்யில் என் வீடு போனது, என் பொய்யில் உனக்குத் தூக்கம் வந்தது, இருந்தாலும் பொய் பொய்தானே. அந்த 'இல்லட்டி'யைத் திரும்ப வாங்கிக்கொள்ள இனி உனக்கு எந்த நம்பருக்குப் போன் பண்ணுவேன்?

கோவம் இருக்குட்டி. அப்படியே இருக்கு.