முக்கால் தொட்டித் தண்ணீர்

வேலாங்காட்டுப்புதூர்,
திருவள்ளுவர் ஆண்டு 2025, மாசி 10

என் ஆருயிர் நண்பன் பொங்கியண்ணனுக்கு,

நலம். நீயும், எனக்குத் தங்கையான உன் துணைவி நஞ்சம்மாளும் நலமுடன் வாழ விழைகிறேன்.

நேற்று முற்பகல் எங்கள் ஊர்ச் சாலையில் நம் பழைய பெட்போர்டு சரக்குந்தைக் கண்டேன். கண்டேன் என்பது பிழை, முதலில் கேட்டேன். மேடேறும்போது இருமுறை இருமிவிட்டுப் பிறகு மூச்சுப் பிடிக்கும் அந்த ஓசையை எத்தனை வண்டிகளுக்கு நடுவிலும் நான் தனித்து அறிவேன். மகிழ்ந்து திரும்பினேன். அதன் முதுகில் பனியன் கட்டுகள் இல்லை. கரிய இரும்புத் தொட்டி ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. அதற்குள் எங்கள் ஊரின் கிணற்று நீர் குலுங்கிக்கொண்டு, உங்கள் நகரின் சாயப்பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பொங்கியண்ணா, அந்த வண்டி எதுவென்று மறந்துவிட்டாயா? எழுபத்தொன்றில் நீ அதைக் கோவையில் பழைய வண்டியாக வாங்கி வந்தபோது, நெற்றிப் பலகையில் ‘கொங்குவேள் சரக்குந்து நிலையம்’ என்று எழுதுவித்தவன் நான். எனக்கு மேடை தர ஒருவரும் துணியாத நாளில், மண்ணரை முக்கில் அதன் பக்கப் பலகைகளை இறக்கிவிட்டு, “ஏறிப் பேசுடா, ஆரு வந்து கேக்கறான்னு பாக்கலாம்” என்றவன் நீ. உன் ஓட்டுநர் சின்னான் அதன் மின்கலத்திலிருந்து கம்பி இழுத்து ஒலிபெருக்கிக்குக் கொடுத்தான். என் முதல் பேச்சு அந்த வண்டியின் மின்சாரத்தில் பிறந்தது. அதே வண்டியா இன்று என் ஊரின் தொண்டையை வறள வைப்பது?

தொட்டியை இறக்கிவிடு. வேறொன்றும் கேட்கவில்லை.

அன்பு மாறாத,
மருதவாணன்

*

ராயபுரம், திருப்பூர்,
26.2.94

அன்புள்ள மருதாசலம்,

கடிதம் கண்டேன். மருதவாணன் என்று எழுதச் சொல்லி இருபது வருஷமாகச் சண்டை போடுகிறாய். என்னோடு பம்புசெட்டுத் தொட்டியில் குதித்து மூக்கை உடைத்துக்கொண்டவன் மருதாசலம். மற்றவன் யாரென்று எனக்குத் தெரியாது.

நெற்றிப் பலகையைப் பற்றி நீயே ஆரம்பித்தாய். சரக்குந்து என்றால் என்னவென்று தெரியாமல் முதல் மாதம் ஒருவனும் லோடு கொடுக்கவில்லை. சரக்கு என்றதைப் பார்த்துவிட்டு ஒருத்தன் கிளாஸோடு வந்து நின்றான். அப்படியும் அந்தப் பலகையை நான் மாற்றினேனா?

இப்போது லோடு இல்லை, மருதாசலம். பெரிய கம்பெனிகள் சொந்தமாக வேன் வாங்கிவிட்டன. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி போகிறது. நம்மோடு தொழில் தொடங்கிய ஈஸ்வரமூர்த்தி தன் வண்டிகளை ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்கு ஓட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, டவுன் பஸ்ஸில் வீடு திரும்பினார். போன ஐப்பசியில் ஒரு கம்பெனி மேனேஜர், என் பிள்ளை வயசு இருக்கும், பெட்போர்டின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, எக்ஸ்போர்ட் பீஸை இதுல ஏத்தறதுங்களா? கலர் டிவில காட்டற கப்பலுக்குப் போறதுங்க அது” என்று சிரித்தான். நனைந்தாலும் கெடாத சரக்கு இந்த ஊரில் தண்ணீர் ஒன்றுதான். அதனால் டேங்க் ஏற்றினேன்.

உங்கள் ஊர்த் தண்ணீரை நான் திருடவில்லை. கிணற்றுக்காரர்கள் கூப்பிட்டு விற்கிறார்கள். முதலில் அவர்களிடம் பேசு.

நேரில் வந்து சொல்லலாம் என்றால் நீ மேடை போட்டுவிடுகிறாய். போன தடவை என் வீட்டு நடையில் நின்று ‘பெரியோர்களே’ என்றாய். நானும் நஞ்சம்மாளும் மட்டும்தான் இருந்தோம். “அண்ணன் பேசறப்ப கையத் தட்டறதா, காப்பி வெக்கறதான்னே தெரியறதில்லீங்க” என்கிறாள். அதனால்தான் கடிதம்.

பொங்கியண்ணன்

*

வேலாங்காட்டுப்புதூர்,
மாசி 18

நண்பா,

நகைச்சுவை நன்று. நீரைப் பற்றிப் பேசுவோம்.

என் பாட்டன் வெட்டிய கிணற்றில், வெட்டியவர்கள் மட்டுமே கண்ட அடிப்பாறையை இன்று நான் காண்கிறேன். விசைப்பொறி நீரை இறைக்கவில்லை, காற்றை இறைக்கிறது. விற்பவன் கிணறும் விற்காதவன் கிணறும் மண்ணுக்கடியில் ஒன்றுதான். ஒருவன் விற்றால் ஊரே வறள்கிறது. விற்பவரிடமும் பேசினேன். “பக்கத்துக் காட்டுக்காரன் விக்கறப்ப நான் மட்டும் பாத்துக்கிட்டு இருக்கறதுங்களா?” என்று மொக்கைச்சாமி கேட்டார். அவரை நிறுத்த ஒரே வழி, வண்டிகளை நிறுத்துவது.

ஆகவே ஊர்க் கிணறுகள் காப்புக் குழு முடிவு செய்திருக்கிறது. இந்த மாசித் திங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊர் எல்லைப் பள்ளத்தின் தரைப்பாலத்தில் நாங்கள் அமர்வோம். நீர் ஏற்றிய ஒரு வண்டியும் கடக்காது. குழுவின் தலைவன் என்ற முறையில் முதல் வரிசையில் இருப்பேன். முதல் வண்டி உன்னுடையதானால், முதல் உடல் என்னுடையது. இதை மேடைக்காகச் சொல்லவில்லை.

மருதவாணன்

*

ராயபுரம்,
6.3.94

அன்புள்ள மருதாசலம்,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. கோபமில்லை, பயம். முழுசாகப் படி.

நீ சொல்வது சரிதான். உங்கள் ஊர்க் கிணறுகள் வற்றிவிட்டன. போன வருஷம் நிறைந்த டேங்க் இப்போது முக்கால்தான் நிறைகிறது. ஆனால் நீ சொன்ன இடம் தப்பு. பள்ளத்தில் உட்காராதே. உட்கார்ந்தால் செத்துப்போவாய்.

ஏனென்று சொல்கிறேன். பண்டல் ஏற்றிய லாரி பிரேக் மிதித்தால் நிற்கும். தண்ணீர் வண்டி அப்படியில்லை. சக்கரம் நின்ற பிறகும் உள்ளேயிருக்கும் தண்ணீர் நிற்காது. பின்னாலிருந்து ஓடிவந்து முன்தகட்டில் மோதி வண்டியைத் தள்ளும். நிறைந்த டேங்க் ஆடாது. முக்கால் டேங்க்தான் ஆடும். இறக்கத்தில் அதைப் பிடித்து நிறுத்த சின்னானாலேயே முடியாது. உள்ளே தடுப்புத் தகடு வைத்தால் ஆட்டம் அடங்கும். நான் அவசரத்தில் வைக்காமல் விட்டேன். மற்றவர்களும் வைக்கவில்லை.

அதனால் மேட்டிலேயே, மாகாளியம்மன் கோயில் முன்னால் உட்கார். அங்கே சமதளம். எந்த வண்டியும் நிற்கும். என் வண்டி வந்தாலும் நிற்கும், நின்றாக வேண்டும். அங்கே உட்கார்ந்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

இடத்தை மாற்றியதாக ஒரு வரி எழுது.

பொங்கியண்ணன்

*

வேலாங்காட்டுப்புதூர்,
மாசி 26

பொங்கியண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நேற்றைய பொதுக்கூட்டத்தில் அதை மக்கள் முன் வைத்தேன். கிணறுகள் வற்றிவிட்டன என்று வண்டி முதலாளியே ஒப்புக்கொண்ட சான்று எங்கள் கைக்கு வந்தபின் மறைப்பது துரோகமாகும். ‘பள்ளத்தில் உட்கார்ந்தால் செத்துப்போவாய்’ என்ற உன் வரியைப் படித்தபோது கூட்டம் கடலெனக் கொந்தளித்தது. இருக்கையில் இருந்த முதியவர்களும் எழுந்தார்கள். இனி ஒருவரும் பின்வாங்க மாட்டார்கள்.

அக்கறையால் எழுதினாய் என்றே கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நிறுத்த இயலாத வண்டியைப் பிள்ளைகள் நடக்கும் சாலையில் இத்தனை நாள் ஓட்டினாயே, அது எவர் குற்றம்? எங்களை இடம் மாற்றச் சொல்லும் நீ, உன் வண்டியை ஒருநாள் நிறுத்துகிறேன் என்று ஒரு வரி எழுதினாயா?

இடம் மாறாது.

மருதவாணன்

*

ராயபுரம்,
12.3.94, சனிக்கிழமை

மருதாசலம்,

டவுன் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இன்றே கிடைக்கும்.

உன் கூட்டத்தில் சின்னான் ஓரமாக நின்றிருக்கிறான். வந்து சொன்னான்: “நீங்க எழுதறப்ப நான் பக்கத்துலதானுங்க இருந்தேன். ஐயா பாதிக் காயிதந்தான் படிச்சாரு. சனம் கையத் தட்டுச்சு, மடிச்சு ஜோப்புல வெச்சுக்கிட்டாரு.” அப்புறம் சாவியை மேஜைமேல் வைத்தான். “அவரு உக்காந்திருக்கற ரோட்டுல நான் ஓட்டமாட்டேனுங்க. நீங்களும் ஓட்டாதீங்க.”

நீ கேட்டது நியாயம்தான். ஒருநாள் நிறுத்தியிருக்கலாம். நேற்றுவரை அந்த எண்ணமும் இருந்தது. இனி நிறுத்தினால் என்ன ஆகும்? கொல்வேன் என்று எழுதிவிட்டு ஒளிந்துகொண்டான் என்பார்கள். காலையில் கடைவீதியில் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நாற்பது வருஷமாக இந்த வீதியில் நடக்கிறேன்.

நாளை நானே ஓட்டி வருகிறேன். உங்கள் ஊரில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு, கோயில் மேட்டிலேயே நிறுத்துவேன். நீ மட்டும் மேலே ஏறி வா. என் கையால் குழாயைத் திறந்து எல்லாவற்றையும் சாலையில் விட்டுவிடுகிறேன். ஊர் பார்க்கட்டும். உனக்கும் வெற்றி, என் பெயரும் நிற்கும்.

ஏறி வா.

பொங்கியண்ணன்

*

வேலாங்காட்டுப்புதூர்,
பங்குனி 14

பொங்கியண்ணா,

அந்த ஞாயிற்றுக்குப் பின் நான் உனக்கு எழுதும் மூன்றாவது கடிதம் இது. முந்திய இரண்டையும் கிழித்துவிட்டேன். அவற்றில் சொற்கள் நன்றாக இருந்தன.

உன் சனிக்கிழமைக் கடிதம் எனக்குக் கிடைத்தது. படித்தேன், முழுவதும். குழுச் செயலாளர் மயில்சாமியிடம் போய், மேட்டுக்கு மாற்றிவிடலாம் என்றேன். “நோட்டீஸ்ல தரைப்பாலம்னு அடிச்சுக் குடுத்தாச்சுங்க. மைக்செட் கட்டியாச்சு. இப்ப மாத்துனா பயந்துட்டாருன்னு சொல்லுவாங்க” என்றார். உன்னைப் பற்றிக் கடைவீதி சொன்னதையே என்னைப் பற்றி ஊர் சொல்லுமே என்று நான் அஞ்சினேன். உன் வண்டி மேட்டில் நின்றதும் ஏறிப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ நிறுத்தினாய். கீழேயிருந்து பார்த்தேன். அந்த இருமல் கேட்டது, கோயில் முன்னால், இறக்கம் தொடங்கும் விளிம்பில் வண்டி நின்றது. நான் எழுந்தேன். அதற்குள் மேட்டில் நின்றவர்களிடமிருந்து ஒரு கல் பறந்து கண்ணாடியை உடைத்தது. எவர் கை என்று தெரியாது. எவர் வாய் என்று தெரியும். முகத்தைப் பொத்தியபோது உன் கால் நழுவியிருக்க வேண்டும். வண்டி கொஞ்சம் அசைந்தது. பிறகு நீ எழுதியபடியே, உள்ளேயிருந்த நீர் அதைத் தள்ளிக்கொண்டு இறக்கத்தில் இறங்கியது.

எங்களுக்கு எழுந்து ஓடக்கூடத் தோன்றவில்லை. நீ வண்டியை எங்கள்மேல் விடாமல் பக்கவாட்டில் திருப்பி மொக்கைச்சாமி தோட்டத்துக் கற்சுவரில் மோதினாய். தொட்டி பிளந்து நீர் எங்கள் மடிவரை வந்தது. பின்வரிசையில் எவனோ என் பெயரைச் சொல்லி வாழ்க என்று முழங்கினான். நீ உள்ளே சிக்கிக் கிடந்தாய். என் பேச்சைக் கேட்டு எழுந்த முழக்கங்களில் நான் காதைப் பொத்தியது அது ஒன்றுதான்.

காவல்துறை உன்மேல் கொலை முயற்சி வழக்கு எழுதிற்று. சான்று, என் கூட்டத்தில் படிக்கப்பட்ட உன் கடிதம். உன் இரண்டு கடிதங்களையும் ஆய்வாளரிடம் கொடுத்து, நான் எந்த வரியில் நிறுத்தினேன் என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டேன். கைதட்டல் எழுந்தது, அங்கே நிறுத்தினேன். வேறு காரணம் இல்லை. அதையே ஊர்க்கூட்டத்திலும் சொன்னேன். ஒருவரும் கைதட்டவில்லை. மயில்சாமி என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

மருத்துவமனைக்கு வந்தேன். அறை வாசலில் தங்கை நின்றிருந்தாள். “உள்ள போகாதீங்கண்ணா” என்றாள். உறங்குகிறானா என்று கேட்டேன். “இல்லீங்கண்ணா, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு” என்றாள். திரும்பிவிட்டேன்.

ஒரு சொல் எழுது. திட்டியாவது எழுது.

உன்
மருதாசலம்

*

ராயபுரம், திருப்பூர்,
9.4.94

மதிப்பிற்குரிய திரு. மருதவாணன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன்.

வழக்கைக் கைவிடுவதாக ஆய்வாளர் நேரில் வந்து தெரிவித்தார். தாங்கள் கொடுத்த வாக்குமூலத்துக்கு நன்றி. தடுப்புத் தகடு வைக்காமல் ஓட்டியதற்கு அபராதம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அது என் தவறு, கட்டிவிட்டேன்.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவருகிறது. வண்டியை இரும்புக் கடைக்குக் கொடுத்தாயிற்று. நெற்றிப் பலகையை அவர்கள் தனியாகக் கழற்றவில்லை; வண்டியோடு போயிற்று. நிறுவனத்தை மூடிவிட்டேன். சின்னான் வேறு ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். மற்ற முதலாளிகளின் தண்ணீர் வண்டிகள் இப்போது தங்கள் ஊருக்குக் கிழக்கு வழியாக வந்துபோவதாக அவன் சொன்னான். தங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டில் அனைவரும் நலம். தாங்கள் வரவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இந்தக் கடிதத்தைத் தாங்கள் யாருக்கு வேண்டுமானாலும் முழுவதும் படித்துக் காட்டலாம். நமக்குள் இருக்க வேண்டியது இதில் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
கி. பொங்கியண்ணன்