இருந்து பார்த்து வாங்கிய பேசின்

கொட்டாஞ்சேனை,
ஏப்ரல் 27

அன்புள்ள மகள் டெனிஷாவுக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். மெல்பேர்னில் குளிர் தொடங்கியிருக்கும், உன் உடம்பும் வேலையும் நல்லபடி இருக்க தினமும் செபிக்கிறோம். அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் மாம்பழத்தைக் கண்டால் கை நிற்காது.

ஜூன் மாதம் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கு வருவதாகவும் ஹோட்டலில் அறை எடுத்திருப்பதாகவும் நீ எழுதியதை வாசித்தேன். மனம் நொந்ததை மறைக்க மாட்டேன். பிறகுதான் போன டிசம்பர் நத்தார் நினைவுக்கு வந்தது. விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக வந்திருந்தாய். உன் சக்கர நாற்காலி குளியலறைக் கதவுக்குள் நுழையவில்லை, அம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து படுக்கையறையிலேயே உன்னைக் குளிப்பாட்டினார், முப்பத்திரண்டு வயதுப் பிள்ளை நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மூன்று கிழமை நிற்க வந்தவள் வேலை இருக்கிறது என்று ஒன்பதாம் நாள் போய்விட்டாய். அது வேலை இல்லை என்று விளங்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது மகள்.

குளியலறையை உனக்கேற்ற மாதிரி மாற்ற உடனே ஆமர் வீதிக் கடை ஒன்றுக்குப் போய், காலோடு நிற்கும் வெள்ளை பேசினும் உருண்டைத் தலை வைத்த பளபளப்பான பைப்புகளும் வாங்கிவந்தேன். அம்மாவுக்குச் சட்டை தைக்கும் தெமட்டகொடை நளீபாவை உனக்குத் தெரியாது, அவர் சின்ன வயதிலிருந்தே சக்கர நாற்காலியில்தான். அவருக்குப் பெருமையாகப் பேசினின் போட்டோவைக் காட்டினேன். "இத நின்டு பாத்தா வாங்கினீங்க, இருந்து பாத்தா?" என்று கேட்டார். தன்னுடைய பழைய நாற்காலியை இரவல் தந்துவிட்டார். அடுத்த நாள் அம்மா தள்ள நான் அதில் இருந்துகொண்டு அதே கடைக்குப் போனேன். பேசினின் கால் என் முழங்காலில் இடித்தது, பைப் எட்டவில்லை, எட்டினாலும் உன் வலது கைவிரல்களால் அந்த உருண்டையைத் திருக முடியாது. அதைவிட ஒன்று, முதல்நாள் என்னை சேர் சேர் என்று கூப்பிட்ட கடைக்காரர் அன்றைக்கு என்னைப் பாராமலே, இவருக்கு என்ன வேணும் என்று அம்மாவிடம் சிங்களத்தில் கேட்டார். நீ இதை எத்தனை இடத்தில் கேட்டிருப்பாய் மகள். எல்லாவற்றையும் மாற்றித் தந்தார்கள். இப்போது சுவரில் பூட்டும் பேசின், அடியில் முழங்கால் போக இடம், மணிக்கட்டால் தட்டினாலே திறக்கும் நீட்டுக் கைப்பிடி பைப், இருந்தபடி குளிக்கக் கையில் எடுக்கும் ஷவர். கதவையும் மேசன் பாஸ் அகலமாக்கிவிட்டார்.

குசினியில்தான் சண்டை. சிங்கைக் கொஞ்சம் கீழே இறக்குவோம் என்றேன். "பிள்ளை வந்து கோப்பை கழுவவோ? நான் இன்னும் சாகேல்லத்தானே" என்று அம்மா கத்தினார். "உமக்குச் செய்ய ஆசை மாதிரி அவளுக்கும் இருக்கும் செலீன்" என்று மட்டும் சொன்னேன். பின்னேரம் பிளம்பர் வந்ததும் அம்மா தானாகவே போய் சிங்குக்கு அடியிலிருந்த அலுமாரியைக் கழற்றச் சொன்னார். சுடுதண்ணீர்க் குழாயைக் காட்டி, "இதை நல்லா சுத்திக் கட்டுங்கோ, அவளுக்குக் கால் சுட்டாலும் தெரியாது" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஹோட்டலை நிறுத்தச் சொல்லி எழுதவில்லை, வந்து பார்த்துவிட்டு நீயே முடிவெடு. கைப்பிடிக் கம்பி மட்டும் இன்னும் பூட்டவில்லை. நாற்காலியிலிருந்து கொமட்டுக்கு எந்தப் பக்கமாக மாறுகிறாய், கம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்று அளந்து எழுது, நாங்களாக நினைத்துச் சுவரில் துளை போட மாட்டோம். குளியலறை உள்கொண்டியை நீ இருந்தபடி எட்டும் உயரத்தில் போடச் சொன்னது அம்மாதான். பூட்டிக்கொண்டு ஆறுதலாகக் குளி, ஒருவரும் கதவைத் தட்ட மாட்டோம்.

மாதா உன்னைத் தன் கையணைப்பில் வைத்திருக்கட்டும். அளவை மறக்காமல் அனுப்பு.

அன்புடன்,
அப்பா ஒஸ்வால்ட்